கசிந்த ரேடியேட்டரைச் சரிசெய்த பிறகு ஹீட்டிங்கில் தண்ணீர் நிரப்புவது எப்படி?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கில் ஒரு ரேடியேட்டரின் (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டின்) வால்வு இணைப்பு ஒழுகியது. இரண்டு பக்க வால்வையும் மூடி, உள்ளே இருந்த தண்ணீரை வடித்து, இணைப்பைச் சரிசெய்து திரும்பச் சுவரில் மாட்டியாயிற்று. இப்போது அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரின் பிரஷர் முள் 0.3-ல் படுத்துக் கிடக்கிறது, பாய்லர் ஓட மறுக்கிறது. எவ்வளவு தண்ணீர் விடுவது, எப்படி விடுவது? "முள் இறங்க இறங்கக் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருங்கள், வேறொன்றும் வேண்டாம்" என்று யாரோ சொன்னார்களாம். அது சரியா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சரியில்லை. ரேடியேட்டர்களில் ஓடுவது குழாய்த் தண்ணீர் மாதிரி வந்து போகிற தண்ணீர் அல்ல. ஒரே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. முதலில் நிரப்பும்போது அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் கொஞ்சம் இரும்பைத் துருவாக்கிவிட்டுத் தீர்ந்துபோகும். அதன் பிறகு அந்தத் தண்ணீரால் பெரிய சேதம் கிடையாது. புதுத் தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜனும் கூடவே போகிறது. அது ரேடியேட்டர் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். அரித்த இரும்பு கருப்புச் சேறாகி ரேடியேட்டரின் அடியிலும் பம்பிலும் பாய்லரின் குறுகலான வழிகளிலும் போய்ப் படியும். வாராவாரம் தண்ணீர் விட்டு ஓட்டிய வீட்டில் அடுத்த ரேடியேட்டர் ஓட்டையாவது தற்செயல் அல்ல. ஒரு தடவை ஒழுங்காக நிரப்ப வேண்டும், அப்புறம் முள் மாதக்கணக்கில் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லையென்றால் தண்ணீர் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

பாய்லரில் பிரஷர் முள் இருப்பதால் உங்களுடையது மூடிய அமைப்பு. தண்ணீர் நிரப்ப அதில் தனி வழி இருக்கும். பெரும்பாலும் பாய்லருக்கு அடியிலோ அருகிலோ கம்பிப் பின்னல் போட்ட ஒரு குட்டை ஹோஸ், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு வால்வு. இதை ஃபில்லிங் லூப் என்பார்கள். சில பாய்லர்களில் ஹோஸ் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் சாவியோ திருகுக் குமிழோ உள்ளேயே இருக்கும். உங்கள் மாடலில் எது என்று கையேட்டில் படம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாய்லரின் வெளி உறையைத் திறக்கவே தேவையில்லாத வேலை இது. திறந்தால்தான் முடியும் என்று வந்தால் அது உங்கள் வேலை அல்ல, உரிமம் பெற்ற ஆளுடையது.

ஹீட்டிங்கை அணைத்து, ரேடியேட்டர்கள் கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வரும்வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது முள் காட்டும் எண் நம்பகமானதல்ல. கொதிக்கிற பாய்லருக்குள் குளிர்ந்த தண்ணீர் பாய்வதும் அதன் உலோகத்துக்கு நல்லதல்ல.

எவ்வளவு பிரஷர் வேண்டும்? குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (முள் காட்டும் அழுத்தத்தின் அலகு) வரை என்பதுதான் சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு வழக்கமான அளவு. இதற்குக் காரணம் இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பார். பாய்லர் கீழ்த்தளத்தில், மிக உயரமான ரேடியேட்டர் அதற்கு 5 மீட்டர் மேலே என்றால், தண்ணீர் அங்கே ஏறவே 0.5 பார் போய்விடும். மேலே கொஞ்சம் மிச்ச அழுத்தம் இருந்தால்தான் காற்று வெளியேறும், பம்பும் சத்தமில்லாமல் ஓடும். பாய்லர் மாடியிலேயே இருந்தால் 1 பாரே தாராளம்.

"கொஞ்சம் கூடுதலாக வைத்தால் அடிக்கடி தொட வேண்டாமே" என்று 2 பாருக்கு ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அது ஏன் எதிர்மாறாக முடிகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் முள் ஆடும் ஆட்டம் முழுவதும் புரிந்துவிடும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, ஆனால் சூடானால் விரியும். 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குப் போனால் ஏறக்குறைய 1.7 லிட்டர் கூடும். அந்தக் கூடுதலை வாங்கிக்கொள்ள எக்ஸ்பான்ஷன் வெசல் என்றொரு கலம் இருக்கிறது. உள்ளே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, இன்னொரு பக்கம் தண்ணீர். கலம் 8 லிட்டர், காற்று 1 பாருக்கு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிரில் முள்ளை 1.5-ல் நிறுத்தினால் கலத்துக்குள் போயிருக்கும் தண்ணீர் 1.6 லிட்டர்தான். சூடானதும் இன்னொரு 1.7 லிட்டர் உள்ளே போகும், முள் 2.4 அளவுக்கு ஏறும். நல்லது. அதையே குளிரில் 2-ல் நிறுத்தினால், சூட்டில் கணக்கு 3.4-க்குப் போகிறது. ஆனால் பாதுகாப்பு வால்வு 3 பாரிலேயே திறந்துகொள்ளும். தண்ணீர் வெளியே கொட்டும், பாய்லர் ஆறியதும் முள் முன்பைவிடக் கீழே போய் நிற்கும். நீங்கள் மறுபடியும் நிரப்புவீர்கள். ஒரு முறை கொட்டிய பாதுகாப்பு வால்வு அதன் பிறகு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருப்பதும் சகஜம், அதன் இருக்கையில் ஒரு துணுக்குச் சேறு சிக்கினாலே போதும்.

அந்த 1.6 லிட்டர் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது அது நேரடியாகப் பயன்படும். நீங்கள் வடித்த ரேடியேட்டர் நடுத்தர அளவு இரட்டைத் தகடு என்றால் அதற்கு 5, 6 லிட்டர் பிடிக்கும். ஆகவே முள்ளை 1.5-க்கு ஏற்றிவிட்டு அந்த ரேடியேட்டரின் வால்வைத் திறந்தால், அது பாதி நிரம்புவதற்குள் முள் சரசரவென்று இறங்கிவிடும். பயப்பட வேண்டாம், அது கசிவல்ல. கலத்தில் சேர்த்து வைத்த கொஞ்சம் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். சரிசெய்த ரேடியேட்டரின் இரண்டு வால்வும் இன்னும் மூடியே இருக்கட்டும். ஃபில்லிங் லூப்பின் ஒரு வால்வை முழுதாகத் திறங்கள், இரண்டாவதை மெதுவாக, தண்ணீர் சீறும் மெல்லிய சத்தம் கேட்கும் அளவுக்கு மட்டும். ஒரு கண் முள் மேலேயே இருக்கட்டும். முதலில் அசையாத மாதிரி தெரியும், திடீரென்று ஏறும். 1.5 வந்ததும் இரண்டையும் மூடுங்கள். இப்போது சில நிமிடம் பாருங்கள். ரேடியேட்டர் இன்னும் தனியாக மூடியிருப்பதால், முள் இப்போதே இறங்கினால் குற்றவாளி அது அல்ல, வேறொரு இடம். இந்த ஒரு சின்னக் காத்திருப்பு பின்னால் வரும் பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும்.

அடுத்து ரேடியேட்டரின் ஒரு வால்வை மட்டும், கால் சுற்று திறங்கள். தண்ணீர் உள்ளே போகும் சத்தம் கேட்கும். மேலே ஒரு மூலையில் இருக்கும் காற்று போக்கும் திருகைச் சாவியால் அரைச் சுற்றுக்குள் தளர்த்தி, ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். "உஸ்" என்று காற்று வரும். முள் 0.5 பக்கம் வந்ததும் திருகை மூடிவிட்டு மீண்டும் 1.5-க்கு நிரப்புங்கள். மறுபடி காற்று போக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை மாறி மாறிச் செய்ய வேண்டியிருக்கும். ஒருவர் லூப்பிடமும் ஒருவர் ரேடியேட்டரிடமும் நின்றால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். "உஸ்" சத்தம் குறைந்து, முதலில் துப்பித் துப்பி, பிறகு ஒரே சீராகத் தண்ணீர் வந்தால் ரேடியேட்டர் நிரம்பிவிட்டது. திருகை மூடுங்கள். அழுத்தி முறுக்கத் தேவையில்லை, பித்தளைத் திருகு மழுங்கிவிட்டால் அப்புறம் தனி வேலை.

வரும் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். மெல்லிய சாம்பல் நிறம் என்றால் பரவாயில்லை. மை போலக் கறுப்பாக வந்தால் உள்ளே அரிப்பு நெடுநாளாக நடக்கிறது என்று பொருள். இன்னொன்று: பழைய அமைப்பில் சேரும் வாயு எப்போதும் காற்று அல்ல. அரிப்பு நடக்கும்போது ஹைட்ரஜனும் உண்டாகும், அது எரியும். அதனால் காற்று போக்கும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ வேண்டாம். முள் இறங்காமலே ஒரே ரேடியேட்டர் மட்டும் அடிக்கடி மேல்பாதி குளிர்ந்து போனால், வெளிக்காற்றைவிட ஹைட்ரஜனைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ரேடியேட்டர் நிரம்பிய பின் இரண்டாவது வால்வையும் திறக்கலாம். ஒரு பக்கம் தெர்மோஸ்டாட் தலை, மறுபக்கம் மூடி போட்ட லாக்ஷீல்டு வால்வு. லாக்ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருந்தால் அதே சுற்றுக்குத் திறங்கள். எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு ஓட்டம் என்பதை முன்பே யாரோ அதில்தான் அமைத்திருப்பார்கள். எண்ணவில்லையென்றால் ஒரு சுற்று திறந்து வையுங்கள். இது மட்டும் மற்றவற்றைவிட முந்திக்கொண்டு சூடானால் கொஞ்சம் மூடுங்கள், மந்தமாக இருந்தால் கொஞ்சம் திறங்கள்.

இப்போதுதான் கசிவுச் சோதனை. இணைப்புகளைக் காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு நட்டையும் சுற்றி ஒரு டிஷ்யூ காகிதத்தை அழுத்தி எடுங்கள். விரலில் தெரியாத ஈரம் காகிதத்தில் ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். வால்வின் தண்டைச் சுற்றி ஈரம் என்றால் அங்குள்ள சின்ன கிளாண்டு நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். ரேடியேட்டருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள பெரிய நட்டில் ஈரம் என்றால் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருகுங்கள். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் வால்வோடு சேர்ந்து கீழே உள்ள குழாயும் திருகிக்கொள்ளும், இல்லாத இடத்தில் புதுக் கசிவு முளைக்கும். ரேடியேட்டருக்குள் திருகும் மரைப் பகுதியில் (த்ரெட்) ஈரம் என்றால் இறுக்கிப் பயனில்லை. திரும்ப வடித்து, கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே சுற்றி மாட்ட வேண்டியதுதான்.

குளிரில் காய்ந்திருக்கும் இணைப்பு சூட்டில் ஒழுகலாம், சூட்டில் நன்றாக இருப்பது ஆறும்போது சுருங்கி ஒழுகலாம். அதனால் டிஷ்யூ சோதனையை மூன்று தடவை செய்யுங்கள்: நிரப்பியவுடன், நன்றாகச் சூடேறிய பிறகு, மறுநாள் காலை முழுதாக ஆறிய பிறகு.

பாய்லரை ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த நிலையில் முள்ளை 1.2, 1.3 அளவில் நிறுத்துங்கள். லூப் கழற்றக்கூடிய ஹோஸ் என்றால் இப்போதே கழற்றி, முனைகளுக்கு மூடி போட்டுவிடுங்கள். இதை நிறையப் பேர் அலட்சியமாக விடுகிறார்கள். ஹீட்டிங் தண்ணீரில் துருவும் ரசாயனமும் கலந்திருக்கும், அது எந்தக் காரணத்தாலும் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பக் கூடாது. அதைவிட அன்றாடம் நடப்பது வேறொன்று: முழுதாக மூடாத லூப் வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். யாருமே தொடாமல் முள் நாளுக்கு நாள் ஏறினால் அங்கேதான் பார்க்க வேண்டும். எங்கோ கசிவும் சேர்ந்து இருந்தால் இன்னும் மோசம், ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். முள் அழகாக நிற்கும், உள்ளே புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் சில நாள் முள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூடேறும்போது பிரிந்து மேல்தள ரேடியேட்டர்களில் சேரும். அதை வெளியே விடும்போது அந்த அளவுக்கு அழுத்தம் குறையும். கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போகும் வரிசையில், பம்ப் நின்றிருக்கும்போது ஒரு சுற்று காற்று போக்கிவிட்டு, தேவையானால் ஒரே ஒரு முறை நிரப்புங்கள். ஒரு வாரத்துக்குள் இது அடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில், பாய்லர் ஓடத் தொடங்கும் முன் முள்ளைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் சூடாக இருக்கும்போது பார்த்த எண்ணையும் காலையில் பார்த்த எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்பியவர்கள்தான் அதிகம்.

இன்ஹிபிட்டர் என்ற துருத்தடுப்பு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 லிட்டருக்கு 1 லிட்டர் என்பது பரவலாக இருக்கும் அளவு, பாட்டிலில் போட்டிருப்பதே முடிவு. நீங்கள் வடித்தது 100-ல் 5, 6 லிட்டர்தான் என்றால் மருந்தும் அதே விகிதத்தில்தான் குறைந்திருக்கும், இன்றே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் பழுது பார்ப்பதற்கு முன் பல மாதம் ஒழுகி, பல முறை நிரப்பியிருந்தால் உள்ளே மருந்து மிச்சமிருக்கும் என்று நம்ப வேண்டாம், முழு பாட்டில் விடுங்கள். ரேடியேட்டர் காலியாக இருக்கும்போது மேல் திருகை அடைப்போடு கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் புனல் வைத்து ஊற்றுவதுதான் சுலபம். இப்போது நிரப்பியாயிற்று என்றால், அழுத்தம் அடைத்த டப்பாவாக விற்பதை லூப்பின் முனையிலோ காற்றுத் திருகின் இடத்திலோ பொருத்திச் செலுத்தலாம். பாய்லருக்குள் அலுமினியம் இருந்தால் அதற்கு ஒத்துப்போகும் மருந்துதானா என்று பார்த்து வாங்குங்கள். கசிவை அடைக்கும் திரவத்தை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது தற்காலிக ஒட்டு. தகட்டிலேயே ஊசி ஓட்டை விழுந்த ரேடியேட்டரில் அதை ஊற்றிக் காலம் தள்ளுவதைவிட ரேடியேட்டரை மாற்றுவது மேல், ஏனென்றால் ஒரு ஓட்டை வெளியே தெரிகிறதென்றால் மீதித் தகடும் மெலிந்துதான் இருக்கும்.

பிரஷர் முள்ளே இல்லாமல் பரணில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. மிதவை வால்வு தானே தண்ணீர் விட்டுக்கொள்ளும், மருந்தையும் தொட்டியிலேயே ஊற்றலாம். குளிரில் தொட்டி நிரம்பி வழியும் அளவுக்கு இருக்கக் கூடாது, சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் வேண்டும். வருடக்கணக்கில் அசையாத மிதவை ஒட்டிக்கொண்டிருக்கலாம், கையால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஹீட்டிங் என்றால் நிரப்பும் வேலை கட்டடப் பராமரிப்பாளருடையது, நீங்கள் கை வைக்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ரேடியேட்டர் இணைப்புகள் காய்ந்திருக்கின்றன என்றால்? பாதுகாப்பு வால்வின் குழாய் வீட்டுக்கு வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டி ஒரு நாள் விடுங்கள். பையில் தண்ணீர் சேர்ந்தால் வழி தெரிந்துவிட்டது. கூடவே சூட்டில் முள் 3-ஐ நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்குப் பக்கம் வருகிறதென்றால் எக்ஸ்பான்ஷன் கலத்திலிருந்த காற்று போய்விட்டது. கலத்தில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வு உண்டு. அது உறைக்கு வெளியே கை எட்டும் இடத்தில் இருந்தால் ஊசியைக் கண நேரம் அழுத்திப் பார்க்கலாம், தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தை மாற்ற வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் காற்று அடைத்தால் போதும். அதை முள் பூஜ்யத்தில் இருக்கும்போதுதான் அடைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரின் அழுத்தத்தைக் காற்றின் அழுத்தம் என்று தவறாக அளப்பீர்கள்.

பையும் காய்ந்திருந்தால், இரவு பாய்லர் ஆறிய பிறகு அதற்கு அடியில் ஹீட்டிங் குழாய்கள் இரண்டிலும் இருக்கும் வால்வுகளை மூடிவிட்டுத் தூங்குங்கள், பாய்லர் அணைந்தே இருக்கட்டும். முள் பாய்லர் பக்கத்தில் இருப்பதால், காலையில் அது அதே இடத்தில் நின்றால் தண்ணீர் போவது குழாய்ப் பக்கம், தரைக்கடியிலோ சுவருக்குள்ளோ. இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். வால்வுகளைத் திரும்பத் திறந்த பிறகே பாய்லரை ஓட்டுங்கள். டெக்னீஷியனைக் கூப்பிடும்போது இந்த ஒரு தகவலையும், நீங்கள் குறித்து வைத்த காலை எண்களையும் கொடுத்தால் அவர் எந்தப் பக்கம் தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.